ட்ராக் அகலம் பாதியானால் ஒலியில் எவ்வளவு போகும்? மல்டிட்ராக் டேப்பின் டெசிபல் கணக்கு

ட்ராக் அகலம் பற்றிய இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரை இன்ச் அகல டேப்பில் 8 ட்ராக் (பக்கம்பக்கமாக ஓடும் தனித்தனிப் பதிவுப் பட்டைகள்) பதியும் மெஷினை எடுப்பதா, அதே அரை இன்ச்சில் 16 ட்ராக் பதியும் மெஷினை எடுப்பதா என்பது ஒன்று. 2 இன்ச் 24 ட்ராக்கைவிட 2 இன்ச் 16 ட்ராக் ‘பெரிதாக’ ஒலிக்கிறது என்கிறார்களே, அது அகலத்தால் மட்டும் வருவதுதானா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே என்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

ட்ராக் அகலம் பாதியானால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் குறையும். இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை. குறுகிய ட்ராக் மெஷின் மோசமாக ஒலிக்கிறது என்று சொல்லும்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் இந்த 3 டெசிபல் கிடையாது. தூசி, ஹெட் (டேப்பில் பதியும், அதைப் படிக்கும் காந்தத் தலை) தேய்மானம், அதன் உயரப் பிசகு, தப்பாகச் சரிசெய்த இரைச்சல் குறைப்பான் ஆகியவைதான் கேட்கும். அகலமான ட்ராக் இவற்றையெல்லாம் மன்னித்துவிடும். குறுகிய ட்ராக் மன்னிக்காது.

அந்த 3 டெசிபல் எங்கிருந்து வருகிறது? ஒரு ட்ராக்கை டேப்பின் நீளவாக்கில் இரண்டு கீற்றுகளாகப் பிளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பதிந்திருக்கும் இசை ஒன்றே, ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாகவே. ஹெட்டில் அவை சேரும்போது மின்னழுத்தம் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல். ஆனால் டேப் இரைச்சல் காந்தத் துகள்களின் ஒழுங்கற்ற அடுக்கிலிருந்து வருவது. இந்தக் கீற்றின் துகளுக்கும் அந்தக் கீற்றின் துகளுக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தமில்லாத இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 1.41 மடங்குதான், அதாவது 3 டெசிபல். 6 லாபம், 3 நஷ்டம், மிச்சம் 3.

இதை வைத்து வழக்கமான வடிவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2 இன்ச் 24 ட்ராக்கில் ஒரு ட்ராக்கின் அகலம் ஏறத்தாழ 0.94 மி.மீ. இதைப் பூஜ்யம் என்று கொண்டால், 1.78 மி.மீ. அகலம் கொண்ட 2 இன்ச் 16 ட்ராக்குக்கு 2.8 டெசிபல் கூடுதல். 1 இன்ச் 8 ட்ராக்கும் அரை இன்ச் 4 ட்ராக்கும் அதே 1.78 மி.மீ. குடும்பம்தான். கால் இன்ச் ஸ்டீரியோ மாஸ்டர் 2 மி.மீ. அளவு, அதற்கு 3.3. அரை இன்ச்சில் இரண்டே ட்ராக் என்றால் ஒவ்வொன்றும் 5 மி.மீ. அளவு, அதற்கு 7.3. கால் இன்ச் முழு அகல மோனோவுக்கு 8.3. கீழ்ப்பக்கம் போனால் அரை இன்ச் 8 ட்ராக் ஒரு மி.மீ. அளவில் இருக்கிறது. அரை இன்ச் 16 ட்ராக்கும் கால் இன்ச் 8 ட்ராக்கும் அரை மி.மீ. அளவில் வருகின்றன, அவற்றுக்கு சுமார் 2.7 டெசிபல் குறைவு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. வீட்டு ஸ்டுடியோக்காரர்கள் வாங்கிய டாஸ்கம் 38 போன்ற அரை இன்ச் 8 ட்ராக்கின் ட்ராக் அகலமும், பெரிய ஸ்டுடியோக்களின் 2 இன்ச் 24 ட்ராக் மெஷினின் ட்ராக் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றிடையே உள்ள வேறுபாடு டேப் ஓட்டத்தின் உறுதியிலும், மின்சுற்றின் தரத்திலும், இயங்கும் வேகத்திலும் இருக்கிறது. அடுத்தது, முழு அகல மோனோவிலிருந்து அரை மி.மீ. வரை இறங்கினால்கூட மொத்த வீழ்ச்சி 11 டெசிபல்தான். டால்பி சி என்ற இரைச்சல் குறைப்புச் சுற்று உயர் அதிர்வெண்களில் 20 டெசிபல் வரை குறைத்துவிடும். அகலம் என்பது எவ்வளவு பெரிய காரணி, எவ்வளவு சிறிய காரணி என்று இதிலிருந்தே புரியும்.

இந்த 3 டெசிபல் விதி பொய்க்கும் இடமும் ஒன்று உண்டு. ட்ராக் குறுகும்போது ஹெட்டிலிருந்து வரும் மின்னழுத்தம் 6 டெசிபல் இறங்குகிறது, ஆனால் ப்ளேபேக் ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் இறங்குவதில்லை. அது டேப் இரைச்சலுக்கு மிகவும் கீழே இருக்கும்வரை கவலையில்லை. நெருங்கிவிட்டால் அகலம் பாதியாகும்போது இழப்பு 3-ஐத் தாண்டி 6-ஐ நோக்கிப் போகும். உங்கள் மெஷினின் நிலையை அளப்பது எளிது. டேப் ஓடாத நிலையில் ப்ளேபேக் வெளியீட்டின் இரைச்சலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் வெளியீட்டை அடைத்துவிடும் மெஷினாக இருந்தால் டேப்பை எடுத்துவிட்டு, டேப்பின் இறுக்கத்தை உணரும் டென்ஷன் கையை மேலே பிடித்துக்கொண்டு ப்ளே அழுத்த வேண்டும். பிறகு உள்ளீடு எதுவும் கொடுக்காமல் பதிவு செய்த டேப்பை ஓட்டி அளந்து பாருங்கள். இரைச்சல் 10 டெசிபல் ஏறினால், மின்சுற்றால் நீங்கள் இழப்பது அரை டெசிபலுக்கும் குறைவு. 3 டெசிபல்தான் ஏறுகிறது என்றால் மின்சுற்றும் டேப்பும் சம அளவு இரைகின்றன என்று பொருள். அங்கே விலை உயர்ந்த டேப் வாங்கிப் பயனில்லை, முதலில் ப்ளேபேக் கார்டைப் பாருங்கள்.

வேகத்தையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம். உண்மையில் எண்ண வேண்டியது ஒரு வினாடியில் ஒரு ட்ராக்குக்காக ஹெட்டைக் கடக்கும் டேப்பின் பரப்பைத்தான். வேகம் இரட்டித்தாலும் அகலம் இரட்டித்தாலும் பரப்பு இரட்டிக்கிறது, இரைச்சல் தோராயமாக 3 டெசிபல் மேம்படுகிறது. வினாடிக்கு 15 இன்ச் என்றால் 381 மி.மீ., 30 இன்ச் என்றால் 762. இப்போது 2 இன்ச் 16 ட்ராக்கை 15-ல் ஓட்டினால் 1.78 பெருக்கல் 381, அதாவது 678 சதுர மி.மீ. 24 ட்ராக்கை 30-ல் ஓட்டினால் 0.94 பெருக்கல் 762, அதாவது 716. இரண்டும் ஏறக்குறைய ஒன்று! 15-ல் 16 ட்ராக், 30-ல் 24 ட்ராக் என்ற பழைய பட்டிமன்றத்தில் இரைச்சல் ஒரு காரணமே இல்லை. கேசட் 4 ட்ராக் மெஷினில் ட்ராக் 0.6 மி.மீ., வேகம் வினாடிக்கு 47.6 மி.மீ., ஆகப் பரப்பு 29 சதுர மி.மீ. கூட வராது. அரை இன்ச் 8 ட்ராக்குக்கு 381. இடைவெளி 11 டெசிபலுக்கும் சற்று மேல். அதில் 9 டெசிபல் வேகத்தால் போனது, அகலத்தால் போனது 2 சொச்சம்தான். ‘கேசட் ட்ராக் ரொம்பக் குறுகல், அதனால்தான் இரைகிறது’ என்பவர்கள் குற்றத்தைத் தப்பான இடத்தில் சுமத்துகிறார்கள்.

ஆனால் வேகத்தையும் அகலத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எல்லா இடத்திலும் வைக்க முடியாது. வேகம் மாறினால் டேப்பில் பதியும் அலைநீளம் மாறுகிறது, அகலம் மாறினால் மாறாது. 20 கிலோஹெர்ட்ஸ் 15-ல் 19 மைக்ரான் அலைநீளம், 30-ல் 38 மைக்ரான். உயர் அதிர்வெண்ணில் எவ்வளவு அழுத்திப் பதியலாம், பழைய டேப்பில் எவ்வளவு தேயும் என்பதெல்லாம் அலைநீளத்தின் விஷயம். கீழ்ப்பக்கத்திலும் அப்படியே. ஹெட்டின் துருவ நீளத்தால் பாஸ் பகுதியில் வரும் மேடு, வேகம் இரட்டித்தால் ஒரு ஆக்டேவ் மேலே ஏறுகிறது. 15-ல் அடிப்பகுதி கனமாகவும் 30-ல் மெலிந்தும் கேட்பது இதனால்தான். இதில் ட்ராக் அகலத்துக்குப் பங்கே இல்லை. 16 ட்ராக்கின் ‘பெரிய பாஸ்’ என்று புகழப்படுவதில் கணிசமான பகுதி, அந்த மெஷின்களை 15-ல் ஓட்டியதால் வந்தது.

அடுத்த தவறான நம்பிக்கை, அகல ட்ராக் ‘அதிகம் தாங்கும்’ என்பது. டேப்பில் பதியும் அளவை நானோவெபர்/மீட்டர் என்ற அலகில் சொல்கிறோம். அந்த மீட்டர், ட்ராக் அகலத்தின் மீட்டர். அதாவது அளவே ஓரலகு அகலத்துக்கு எவ்வளவு என்றுதான் சொல்லப்படுகிறது. 250 நானோவெபர்/மீட்டர் அரை மி.மீ. ட்ராக்கிலும் 5 மி.மீ. ட்ராக்கிலும் டேப்பை ஒரே அளவுதான் அழுத்துகிறது, ஒரே அளவு டிஸ்டார்ஷனைத்தான் தருகிறது. டேப் எங்கே நிறைகிறது என்பதை முடிவு செய்வது டேப்பின் ரகமும் பயாஸும் (பதியும்போது சிக்னலோடு சேர்க்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) தான். ஆம்பெக்ஸ் 456 ரக டேப்பில் 10 கிலோஹெர்ட்ஸ் தொனியைப் பதிந்து, திரும்ப வரும் அளவு உச்சத்தைத் தாண்டி 15-ல் 3 டெசிபல் அளவும் 30-ல் 1.5 டெசிபல் அளவும் இறங்கும்வரை பயாஸை ஏற்றுவது வழக்கம். உங்கள் ரெக்கார்ட் ஹெட்டின் கேப் (ஹெட்டின் முகத்தில் உள்ள நுண்ணிய பிளவு) அளவைப் பொறுத்து இது மாறும், கையேட்டில் இருப்பதே இறுதி. அகல ட்ராக்கின் உண்மையான லாபம், இரைச்சல் தரை கீழே இருப்பதால் அழுத்தாமல் நிதானமாகப் பதியலாம் என்பது. குறுகிய ட்ராக்கில் இரைச்சலுக்குப் பயந்து மீட்டரைச் சிவப்பில் வைத்தே பதிகிறோம். பிறகு கேட்கும் கரகரப்புக்கு அகலத்தைக் குற்றம் சொல்கிறோம்.

இந்த இடத்தில் டேப் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 185-லிருந்து 250 நானோவெபர்/மீட்டருக்கு இயக்க அளவை (மீட்டரின் பூஜ்யத்துக்கு ஒத்த பதிவு அளவை) ஏற்றினால் 2.6 டெசிபல் லாபம், 355-க்கு ஏற்றினால் 5.7. அதிக அழுத்தம் தாங்கும் எஸ்எம்900 போன்ற டேப்பைப் போட்டு இதைச் சாதித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வீட்டு ஸ்டுடியோ ரக அரை இன்ச் மெஷின்கள் 456 வகை டேப்புக்காக வடிவமைக்கப்பட்டவை. வலிமையான டேப்புக்கு வேண்டிய பயாஸ் மின்னோட்டத்தையும் அழிக்கும் மின்னோட்டத்தையும் அவற்றால் தர முடியாமல் போகலாம். பழைய பதிவு அடியில் மெல்லிசாக மிச்சமிருந்து கேட்கும். எஸ்எம்911 ரகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய கையிருப்பு 456-ஐப் புதுப் பதிவுக்கு வாங்கவே வேண்டாம். பசை இளகி ஹெட்டில் படியும் நோய் அந்த டேப்புக்கு உண்டு, குறுகிய ட்ராக்கில் அது இரட்டைத் தண்டனை.

இனி அகலம் எதிர்மாறாக வேலை செய்யும் இடத்துக்கு வருவோம், அசிமுத். ஹெட் கேப் டேப் ஓடும் திசைக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். பதிந்த ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே 0.1 டிகிரி சாய்வு இருப்பதாகக் கொள்வோம். 15-ல் 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு: 0.94 மி.மீ. ட்ராக்கில் 0.1 டெசிபல், 1.78-ல் 0.4, அரை இன்ச் 2 ட்ராக்கின் 5 மி.மீ.-ல் 3.2, முழு அகல மோனோவில் 5.4. அகலமான ட்ராக்தான் இங்கே அடி வாங்குகிறது, குறுகிய ட்ராக் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது. மாஸ்டர் டேப்போடு சரிசெய்யும் தொனிகளைப் பதிந்து அனுப்புவதும், அரை இன்ச் மாஸ்டரை இன்னொரு மெஷினில் போடும்போது ஒவ்வொரு முறையும் அசிமுத்தைத் திருத்துவதும் இதனால்தான்.

மல்டிட்ராக்கில் அசிமுத்தின் தொல்லை வேறு வடிவில் வருகிறது. 2 இன்ச் டேப்பில் முதல் ட்ராக்குக்கும் 24-க்கும் இடையே கிட்டத்தட்ட 48 மி.மீ. அதே 0.1 டிகிரி சாய்வில் இரண்டுக்கும் இடையே 84 மைக்ரான் முன்பின் ஏற்படுகிறது. 15-ல் 0.22 மில்லி வினாடி, 10 கிலோஹெர்ட்ஸில் இரண்டு முழு அலைகளுக்கும் மேல். தனித்தனி ட்ராக்காகக் கேட்டால் எதுவும் தெரியாது. ஒரே ட்ரம்ஸுக்கு வைத்த இரண்டு மைக்குகள் 1-லும் 24-லும் இருந்து, மிக்ஸில் சேரும்போது சிம்பல் மங்கிப்போகும். ஸ்டீரியோ ஜோடிகளை எப்போதும் அடுத்தடுத்த ட்ராக்குகளில் வையுங்கள். அசிமுத்தை 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, பிறகு 10, பிறகு 15 என்று ஏறிச் சரிசெய்யுங்கள். நேராக 15 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்தால் ஒரு முழு அலை தள்ளி ஒரு போலி உச்சத்தில் உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு.

குறுகிய ட்ராக்கை உண்மையாகக் கொல்வது தூசிதான். ஹெட்டுக்கும் டேப்புக்கும் இடையே சின்ன விலகல் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெல் ஆய்வகத்தின் வாலஸ் 1951-ல் கொடுத்த சூத்திரம் இன்றும் நிற்கிறது: விலகலை அலைநீளத்தால் வகுத்து 54.6-ஆல் பெருக்கினால் டெசிபல் இழப்பு. 15-ல் 10 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 38 மைக்ரான். 1 மைக்ரான் விலகலுக்கு 1.4 டெசிபல், 5 மைக்ரானுக்கு 7. கேசட் வேகத்தில் அதே 1 மைக்ரானுக்கு 11 டெசிபலுக்கும் மேல்.

இந்தச் சூத்திரத்தில் அகலம் வரவில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு தூசி டேப்பை எவ்வளவு அகலத்துக்குத் தூக்குகிறது என்பதில் வந்துவிடுகிறது. 0.3 மி.மீ. அகலத்துக்கு டேப் எழும்பி, அந்தப் பகுதியின் உயர் அதிர்வெண் முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். 1.78 மி.மீ. ட்ராக்கில் இழப்பு 1.6 டெசிபல், யாரும் கவனிக்க மாட்டார்கள். 0.94-ல் 3.3 டெசிபல். அரை மி.மீ. ட்ராக்கில் 8 டெசிபல், ஹை-ஹாட் ஒரு கணம் காணாமல் போகும். தூசி இல்லாதபோதும் டேப் பரப்பின் மேடுபள்ளங்கள் இதையே சிறிய அளவில் இடைவிடாமல் செய்கின்றன. நீண்டு நிற்கும் தூய ஸ்வரத்தைச் சுற்றி ஒரு மூச்சுக்காற்று போன்ற இரைச்சல் ஒட்டிக்கொள்வது இந்த நடுக்கத்தால்தான். அகல ட்ராக்கில் அது சராசரியாகி அடங்குகிறது. 2 இன்ச் 16 ட்ராக்கின் ‘நிதானம்’ என்று காதுள்ளவர்கள் சொல்வதில், என் கணிப்பில், 2.8 டெசிபல் இரைச்சலைவிட இதற்கே பங்கு அதிகம்.

ஆகவே குறுகிய ட்ராக் மெஷின் வைத்திருப்பவருக்குச் சுத்தம் என்பது தினசரி வேலை. ஒவ்வொரு ரீலுக்கும் முன் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் ஹெட்டுகளையும் வழிகாட்டிகளையும் துடைத்து, உலரவிட்ட பிறகே டேப்பைப் போட வேண்டும். டேப்பின் முதல் சில மீட்டர்களில் பதிய வேண்டாம், கை பட்டு மடங்கிய இடம் அது. ஓர ட்ராக்குகளில் டேப் விளிம்பு சேதத்தால் உயர் அதிர்வெண் தள்ளாடும். அங்கே பாஸ் கிட்டாரையோ கிக் ட்ரம்மையோ வையுங்கள், சிம்பலையும் பாடகர் குரலையும் நடுப்பக்கம் கொண்டுவாருங்கள்.

உயரப் பிசகும் இதே குடும்பம். ஹெட் 0.1 மி.மீ. மேலோ கீழோ இருந்தால் பதிந்த பட்டையின் ஒரு பகுதி ஹெட்டுக்கு வெளியே போகிறது. 1.78 மி.மீ. ட்ராக்கில் இழப்பு அரை டெசிபல், 0.94-ல் ஒரு டெசிபல், அரை மி.மீ.-ல் 1.9. இழந்த இடத்தில் ஹெட் வெறும் இரைச்சலையும் பக்கத்து ட்ராக்கின் ஓரத்தையும் படிக்கிறது. அழிக்கும் ஹெட் பிசகியிருந்தால் இன்னும் மோசம், பழைய பதிவின் ஒரு நூல் கரையில் மிஞ்சி நின்று புதிய பதிவின் அடியில் முணுமுணுக்கும். ஒரு மெஷினில் பதிந்து இன்னொன்றில் மிக்ஸ் செய்யும் திட்டம் இருந்தால், அரை மி.மீ. வடிவம் அதற்கு ஏற்றதே இல்லை. பதிந்த மெஷினிலேயே மிக்ஸை முடித்துவிடுங்கள்.

ட்ராக்குகளுக்கு இடையே விடும் வெற்றுப் பட்டையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அகலத்தில் மிச்சம் பிடிப்பதே அதற்காகத்தான். 24 ட்ராக்கில் ஒரு ட்ராக்கின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2.1 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் வெறுமை. கசிவு தாழ் அதிர்வெண்ணில்தான் அதிகம். 15-ல் 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.8 மி.மீ., ட்ராக்கைவிடப் பெரியது, அதன் காந்தப் புலம் பக்கவாட்டில் பரந்து அடுத்த ஹெட்டைத் தொடுகிறது.

இதே பரவல் மெஷினைச் சரிசெய்யும்போது ஒரு பொறி வைக்கிறது. கடையில் கிடைக்கும் அளவீட்டு டேப் பெரும்பாலும் முழு அகலத்திலும் பதிந்தது. அதைக் குறுகிய மல்டிட்ராக் ஹெட்டில் ஓட்டினால், ட்ராக்குக்கு வெளியே இருக்கும் புலத்தையும் ஹெட் அள்ளிக்கொண்டு பாஸை உயர்த்திக் காட்டும். அதை நம்பி ப்ளேபேக் பாஸைக் குறைத்தால் உங்கள் சொந்தப் பதிவுகள் எல்லாம் மெலிந்து ஒலிக்கும். அளவீட்டு டேப்பை வைத்து மேல்பகுதியையும் நடுவையும் மட்டும் சரிசெய்யுங்கள். பாஸை, நீங்களே அந்த மெஷினில் 50, 100 ஹெர்ட்ஸ் தொனிகளைப் பதிந்து, திரும்பப் படித்து அமையுங்கள். ஈக்வலைசேஷன் வகையையும் டேப்போடு ஒத்துப் பாருங்கள்: 15-ல் நேப் (அமெரிக்கத் தரம்) என்றால் 50 மைக்ரோ வினாடி, ஐஇசி (ஐரோப்பியத் தரம்) என்றால் 35, 30-ல் 17.5.

ட்ராக்குகளைச் சேர்த்து இன்னொன்றில் பதியும்போது இன்னொரு ஆபத்து. ஒத்திசைவுக்காக ரெக்கார்ட் ஹெட்டிலிருந்தே கேட்கிறோம். அதே ஹெட்டில் 5-ஆம் ட்ராக் பதிந்துகொண்டிருக்கும்போது 4-ஐப் படித்து 5-க்கு அனுப்பினால், 5-ன் சிக்னல் 4-க்குக் கசிந்து சுற்றிச் சுழன்று ஊளையிடும். மூலத்துக்கும் இலக்குக்கும் இடையே ஒரு ட்ராக்காவது விட்டுவிடுங்கள். டைம்கோடு (மற்ற கருவிகளை டேப்போடு ஒத்து ஓட்டும் நேரச் சிக்னல்) இருந்தால் அதைக் கடைசி ட்ராக்கில் மைனஸ் 10 வியூ (மெஷினின் மீட்டர் காட்டும் அலகு) அளவில், இரைச்சல் குறைப்பான் இல்லாமல் பதிந்து, பக்கத்து ட்ராக்கைக் காலியாக வையுங்கள்.

இரைச்சல் குறைப்பான்கள். டால்பி ஏ பெரும்பகுதிக்கு 10 டெசிபல் தருகிறது, டால்பி எஸ்ஆர் உயர் பகுதியில் 24 வரை போகும், டால்பி சி 20, டிபிஎக்ஸ் 30 அளவு. எல்லாமே குறுகிய ட்ராக்கின் 3 டெசிபலை விழுங்கிவிடும், ஆனால் கூலி கேட்கும். டால்பிக்கு டேப்பில் பதிந்த அளவு துல்லியமாகத் திரும்ப வர வேண்டும். அளவு பிசகினால் உயர் அதிர்வெண் தவறாக விரியும். டிபிஎக்ஸுக்கு ஒட்டுமொத்த அளவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் 2-க்கு 1 என்று சுருக்கி அதே விகிதத்தில் விரிப்பதால், டேப்பின் ஒவ்வொரு பிழையும் இரட்டிக்கிறது. ஹெட் தேய்மானத்தால் 10 கிலோஹெர்ட்ஸில் 1.5 டெசிபல் விழுந்தால் வெளியே 3 ஆகிறது. தூசியால் 4 விழுந்தால் வெளியே 8. தனி பாஸ் கிட்டாரில் ஒவ்வொரு சுண்டலோடும் இரைச்சல் மூச்சுவிடுவதும் கேட்கும். பாஸுக்கு டிபிஎக்ஸை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அங்கே இரைச்சல் எப்படியும் மறைந்துவிடும்.

இனி 16-க்கும் 24-க்கும் உள்ள மொத்த வித்தியாசம். ஒரு ட்ராக்குக்கு 2.8 டெசிபல். 24 ட்ராக்கின் இரைச்சலையும் சம அளவில் கூட்டினால் 16-ஐக் கூட்டுவதைவிட 1.8 அதிகம். ஆக, எல்லா ஃபேடரும் மேலே இருக்கும்போது 4.5 டெசிபல். பேசாத ட்ராக்கை மியூட் செய்தால் இரண்டாவது பகுதி பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்டூடர் ஏ80, ஏ827 போன்றவற்றில் ஒரே மெஷினில் 16 ட்ராக், 24 ட்ராக் ஹெட் தொகுதிகளை மாற்றிப் போடலாம். ஒப்பிட வேண்டுமானால் அப்படி ஒரே மெஷினில், ஒரே வேகத்தில், ஒரே டேப்பில் ஒப்பிட வேண்டும். 3எம்மின் 16 ட்ராக்கையும் வேறு கம்பெனியின் 24 ட்ராக்கையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘அகலம்’ என்பது ஒப்பீடு ஆகாது.

அரை இன்ச் 8-ஆ, 16-ஆ? ஒரு ட்ராக்குக்கு 3 டெசிபல், 16-ஐயும் கூட்டினால் இன்னொரு 3. ஆனால் 8 ட்ராக் போதாமல் நான்கு ட்ராக்கை ஒன்றில் அடக்கும் ஒவ்வொரு முறையும், புதிய ட்ராக்கின் இரைச்சல் பழையவற்றோடு சேர்ந்து குறைந்தது 3 டெசிபலாவது போகும். கூடவே உயர் அதிர்வெண் ஒரு தலைமுறை தேயும், டிஸ்டார்ஷன் கூடும், பிடிக்காத சமநிலையைத் திருத்தவும் முடியாது. எட்டுக்குள் அடங்கும் இசைக்கு 8 ட்ராக், மறுபேச்சே இல்லை. இரண்டு முறை சேர்த்துப் பதியும் நிலை வரும் என்று இப்போதே தெரிந்தால் 16 ட்ராக்கும் இரைச்சல் குறைப்பானும் தரும் ஒலிதான் சுத்தமாக இருக்கும்.

16 ட்ராக்கை எடுக்கப் போகிறீர்கள் என்றால், இரைச்சல் குறைப்பானை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் மைனஸ் 10 வியூவில் 10 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஒரு நிமிடம் பதிந்து திரும்பக் கேளுங்கள். முள் அரை டெசிபலுக்குள் நின்றால் நல்லது. 2, 3 டெசிபல் துள்ளினால், ஓடும் டேப்பை ஹெட்டின் முன்னால் பஞ்சுக் குச்சியால் மிக மெல்ல ஹெட்டை நோக்கி அழுத்திப் பாருங்கள். அளவு ஏறி அமைதியானால் தொடர்பு சரியில்லை, அதாவது டென்ஷனோ தேய்ந்த ஹெட்டோ காரணம். அழுத்தியும் துள்ளல் நிற்கவில்லை என்றால் வேறு புது டேப்பைப் போட்டுப் பாருங்கள். ஓர ட்ராக்குகளில் மட்டும் துள்ளினால் வழிகாட்டிகளில் டேப் விளிம்பு அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் புது வழிகாட்டி கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.